ரீமாஸ்டர் கேட்கும் கிளாசிக் ராக் ஆல்பங்கள்: குறை டேப்பிலா, மிக்ஸிலா, மாஸ்டரிங்கிலா?

நாடாச்சுருள்

"இந்த ஆல்பத்துக்கு நல்ல ரீமாஸ்டர் வேண்டும்" என்று பட்டியல் போடுவது எளிது. குறை எந்தக் கட்டத்தில் புகுந்தது என்று பார்க்காமல் கேட்டால், அதே குறை இன்னும் சத்தமாகத் திரும்பி வரும். ஒலிப்பதிவு, மல்ட்டிடிராக் டேப் (வாத்தியங்கள் தனித்தனித் தடங்களில்), மிக்ஸ் (அந்தத் தடங்களை அளவு பொருத்திக் கலப்பது), ஸ்டீரியோ மாஸ்டர் (கலந்து முடித்த டேப்), எல்பி (வினைல் தட்டு) வெட்டுவதற்கான நகல், சிடி மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) என்று ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கெடலாம். மாஸ்டரிங் பொறியாளர் கையில் வருவது ஸ்டீரியோ மாஸ்டர் மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்ததை அவரால் தொட முடியாது. ஆகவே இந்த இழையில் ஆல்பம் பெயரோடு, குறை புகுந்த கட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

என் முதல் வாக்கு மெட்டாலிகாவின் "அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்", 1988. லாஸ் ஏஞ்சலிஸின் ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில் பதிவு, தயாரிப்பில் ஃப்ளெமிங் ராஸ்முசன், மிக்ஸ் ஸ்டீவ் தாம்ப்சனும் மைக்கேல் பார்பியரோவும். ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் ஏறக்குறைய காதில் விழாது. 2018-ல் பெரிய பெட்டித் தொகுப்பாக ரீமாஸ்டர் வந்தது. ஒலி சுத்தமாகத்தான் இருந்தது, பேஸ் மட்டும் அங்கேயே நின்றது. அதில் ஆச்சரியம் இல்லை. பேஸ் அமுக்கப்பட்டது மிக்ஸில். இதற்குத் தேவை ரீமிக்ஸ், அதாவது மல்ட்டிடிராக்கிலிருந்து மறுபடி கலப்பது. ரீமாஸ்டரை எத்தனை முறை கேட்டாலும் பயன் இல்லை.

மூன்றாம் தந்தி

ஜஸ்டிஸ் பற்றி இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பேச வேண்டும். பேஸ் ஃபேடரை (மிக்ஸில் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) கீழே இறக்கியது பாதிக் கதைதான். டிரம்மர் லார்ஸ் உல்ரிக் குறைக்கச் சொன்னார் என்று மிக்ஸ் செய்தவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி வாத்தியங்களை அமைத்த விதத்திலேயே இருக்கிறது. நியூஸ்டெட் பெரும்பாலும் கிட்டாரிஸ்ட் ஹெட்ஃபீல்டின் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) அப்படியே ஒரு ஆக்டேவ் கீழே வாசிக்கிறார். கிட்டாரோ நடு அலைவரிசைகளை வழித்தெடுத்துவிட்டு அடிப்பகுதியைப் பெருக்கிய தொனி. பேஸின் கீழ் இ தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் கீழ் இ 82 ஹெர்ட்ஸ். பேஸ் நம் காதில் தெளிவாக விழ உதவும் இரண்டாம் ஹார்மோனிக் (அடிநாதத்தின் இரு மடங்கு அலைவரிசை) சரியாகக் கிட்டாரின் அடிநாதத்தின் மேலேயே உட்காருகிறது.

வீட்டில் ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் கவனிக்க: 60 ஹெர்ட்ஸை உயர்த்தினால் எழுவது பேஸ் டிரம். 100 ஹெர்ட்ஸை உயர்த்தினால் கிட்டாரின் உறுமல். 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தினால் பேஸ் தந்தியின் மேல் விரல் படும் ஓசை கொஞ்சம் எட்டிப் பார்க்கும், கூடவே ஸ்னேர் டிரம்மும் பெட்டியைத் தட்டுவது போலாகிவிடும். எந்த இடமும் பேஸுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஒன்றில் மட்டும் நாடாச்சுருளோடு மாறுபடுகிறேன். அந்த வறட்சியான மிக்ஸ்தான் அந்த ஆல்பம். ரீமிக்ஸ் வந்தால் கூடுதல் தட்டாக வரட்டும். 1988 மிக்ஸின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

டெசிபெல் தம்பி

அண்ணா, இப்போ ஏஐ வச்சு டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் தனித்தனியா பிரிக்கிறாங்களே, டெமக்ஸ் மாதிரி. அதை வச்சு ஜஸ்டிஸ்ல பேஸை மட்டும் ஏத்த முடியாதா? 2022-ல பீட்டில்ஸோட ரிவால்வர் அப்படித்தானே ரீமிக்ஸ் பண்ணாங்க?

மூன்றாம் தந்தி

தம்பி, ரிவால்வர் விஷயம் வேறு. 1966-ல் நான்கு தடங்கள்தான். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒரே தடத்தில் சேர்ந்து பதிவானதால், பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளால் அந்தத் தடத்தைப் பிரித்தார்கள். மூலம் முதல் தலைமுறை டேப். எல்லா வாத்தியமும் கேட்கக்கூடிய அளவில் அதில் இருந்தன. ஜஸ்டிஸுக்கு மல்ட்டிடிராக்கே இருக்கும்போது பிரிக்கும் வேலையே தேவையில்லை.

முடிந்த ஸ்டீரியோவிலிருந்து வீட்டில் பிரித்தால் டெமக்ஸ் நான்கு கோப்புகள் தரும்: டிரம்ஸ், பேஸ், குரல், மற்றவை. ஜஸ்டிஸில் "பேஸ்" கோப்பைத் தனியாகக் கேளுங்கள். பாதிக்கு மேல் கிட்டாரின் அடிப்பகுதி. அதை 4 டெசிபெல் ஏற்றினால் கிட்டார்தான் தடிக்கும். சிம்பல்கள் இரண்டு கோப்புகளுக்கு நடுவில் சிதறி, நீருக்குள் அடித்தது போல் சுழலும். எந்தக் கோப்பின் அளவையும் 2 டெசிபெலுக்கு மேல் மாற்றாமல் இருந்தால் அந்தச் சுழல் பெரிதாகத் தெரியாது. அந்த 2 டெசிபெல் இந்த ஆல்பத்துக்குப் போதாது.

யாழ் அலைவரிசை

ரீமிக்ஸ்தான் வழி எண்டதுக்கு நல்ல சாட்சி ரஷ் குழுவின்ர "வேப்பர் டிரெய்ல்ஸ்", 2002. மாஸ்டரிங்கில கிளிப் ஆகிப்போச்சு, அதாவது அலையின்ர தலை வெட்டுப்பட்டுப்போச்சு எண்டு எல்லாரும் சொல்லுவினம். உண்மையில மிக்ஸ் கட்டத்திலேயே நெரிசலும் சிதைவும் ஏறிவிட்டுது. அதுக்கு மேல மாஸ்டரிங் இன்னும் அமத்தினது. அதனாலதான் வெறும் ரீமாஸ்டர் போடாமல், முதலில 2009-ல "ரெட்ரோஸ்பெக்டிவ் 3" தொகுப்புக்காக ரிச்சர்ட் சிக்கி இரண்டு பாட்டுகளை மட்டும் ரீமிக்ஸ் செய்தவர்: "ஒன் லிட்டில் விக்டரி", "எர்த்ஷைன்". அதுக்குக் கிடைச்ச வரவேற்பைப் பார்த்த பிறகு, 2013-ல டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்தார்.

2002, 2013 பதிப்புகள் இரண்டையும் ஒரே சத்த அளவில வைச்சுக் கேட்டுப் பாருங்கோ. நீல் பியர்ட்டின்ர பேஸ் டிரம்முக்கும் கெடி லீயின்ர பேஸுக்கும் நடுவில இடைவெளி விழுகுது. பழைய பதிப்பில அது ஒரே இரைச்சல் சுவர்.

ஜெத்ரோ டல்லின்ர "அக்வாலங்" (1971) இன்னொரு சாட்சி. மூல மிக்ஸே மந்தம். பல ரீமாஸ்டர்களில மேல் அலைவரிசையை ஏத்தி ஏத்திப் பார்த்தவை, இரைச்சல்தான் கூடினது. 2011-ல ஸ்டீவன் வில்சன் மல்ட்டிடிராக்கில இருந்து ரீமிக்ஸ் செய்த பிறகுதான் குரலும் அக்கவுஸ்டிக் கிட்டாரும் ஒண்டை ஒண்டு மறைக்காமல் கேட்குது.

ஊசிமுனை

ரீமாஸ்டரிங்கே முழுத் தீர்வாகிற ஒரு வகையும் உண்டு: டேப் வேகம். ரோலிங் ஸ்டோன்ஸின் "பெக்கர்ஸ் பேங்க்வெட்" 1968 முதல் பல பத்தாண்டுகள் மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2002-ல் ஆப்கோ நிறுவனம் வெளியிட்ட எஸ்ஏசிடி (உயர்தரச் சிடி வகை) வரிசையில்தான் வேகம் சரியானது. பாட்டுகள் கொஞ்சம் குறுகின, சுருதி ஏறியது. 2002-க்கு முந்தைய சிடியை வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

தி டோர்ஸின் முதல் ஆல்பம் (1967) இதைவிடச் சிக்கல். ஆல்பத்தில் உள்ள "லைட் மை ஃபயர்" ஏறக்குறைய 3.5 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. ஏ மைனரில் வாசித்த பாட்டு அதற்கும் அதற்குக் கீழுள்ள சுரத்துக்கும் நடுவே தொங்குகிறது. மேடைப் பதிவுகளோடு ஒப்பிட்டால் உடனே பிடிபடும். 2006-ல் "பெர்செப்ஷன்" பெட்டியில் புரூஸ் பாட்னிக் வேகத்தைச் சரிசெய்தார். ஆனால் அது ரீமிக்ஸோடு ஒட்டி வந்தது. "பிரேக் ஆன் த்ரூ"வில் 1967-ல் வெட்டிய "ஹை" என்ற சொல்கூட அதில் திரும்ப ஒட்டப்பட்டது. வேகத்திருத்தத்தை ரீமிக்ஸோடு ஒரே பொட்டலமாகக் கட்டியது தவறு. 1967 ஸ்டீரியோ மிக்ஸ், சரியான வேகத்தில், லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் கருவி) இல்லாமல்: நான் கேட்பது இதைத்தான்.

டெசிபெல் தம்பி

வேகம் தப்புன்னு வீட்டில எப்படிக் கண்டுபிடிக்கிறது? காது மட்டும் போதுமா?

ஊசிமுனை

காதில் தொடங்கலாம், அங்கேயே முடிக்கக் கூடாது. மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதலாவது சுருதி. ஒரு செமிடோன் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) என்பது 5.95 சதவீத வேக வேறுபாடு. அரை செமிடோன் ஏறக்குறைய 2.9. பியானோ அல்லது ஆர்கன் உள்ள பாட்டாகப் பாருங்கள். கிட்டாரை எந்தச் சுருதிக்கும் கூட்டிக்கொள்ளலாம், பியானோவை ஸ்டுடியோவில் ஒரு பாட்டுக்காக யாரும் மாற்றிக் கூட்டமாட்டார்கள். பியானோ பாதி செமிடோன் விலகி நின்றால் டேப்பைச் சந்தேகப்படலாம்.

இரண்டாவது மின்சார ரீங்காரம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டனில் 50. பாட்டு தொடங்கும் முன் ஆம்ப்ளிஃபையர் மட்டும் இரையும் ஒரு வினாடி கிடைத்தால், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியைத் தேர்ந்து, பகுப்பாய்வுப் பட்டியலில் உள்ள அலைமாலை வரைபடத்தை எடுங்கள். அளவை 16384-க்கு மேல் வையுங்கள். அடிநாதம் மங்கலாக இருந்தால் 120, 180 ஹெர்ட்ஸ் மடங்குகளைப் பாருங்கள். 3.5 சதவீதம் மெதுவான அமெரிக்கப் பதிவில் 60 இருக்கும் இடம் ஏறக்குறைய 57.9. எச்சரிக்கை: நகலெடுக்கும் கருவிகளும் தங்கள் ரீங்காரத்தைச் சேர்க்கும். இரண்டு முனைகள் தெரிந்தால் 60-ல் சரியாக நிற்பது பின்னால் சேர்ந்ததாக இருக்கலாம்.

மூன்றாவது, அதே பதிவின் வேறு வெளியீடு. "லைட் மை ஃபயர்" மோனோ சிங்கிள் சரியான வேகத்தில் வந்தது. ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

வேகத்தைத் திருத்த ஆடாசிட்டியில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவி ஒலியை நசுக்கும். பெருக்கெண் 1.036.

ஆனால் வேகம் மாறிய எல்லாமே பிழை அல்ல. பீட்டில்ஸின் "வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்" வேண்டுமென்றே வேகம் கூட்டப்பட்டது. அதைத் திருத்தினால் பாட்டையே கெடுக்கிறோம்.

கறுப்புத்தட்டு

இன்னும் யாரும் "ரா பவர்" சொல்லவில்லையே. இக்கி அண்ட் தி ஸ்டூஜஸ், 1973. டேவிட் போவியின் மிக்ஸ்: கிட்டார் தனிவாசிப்பு முன்னால் பாய்கிறது, பேஸும் டிரம்ஸும் எங்கோ பின்னால். போவி பின்னர் சொன்னபடி, 24 தடங்களில் மூன்றில்தான் ஒலி இருந்ததாம்: ஒன்றில் குழு மொத்தம், ஒன்றில் தனிக் கிட்டார், ஒன்றில் குரல். அந்த நிலையில் எவரும் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

1997-ல் இக்கி பாப்பே ரீமிக்ஸ் செய்தார். எல்லா முள்ளும் சிவப்பில் இருக்க வேண்டும் என்று தெரிந்தே செய்தார். ஆர்எம்எஸ் சராசரி (சராசரிச் சத்த அளவு; 0 தான் சிடியின் உச்சம்) மைனஸ் 4 டெசிபெல் பக்கம். ராக் சிடிகளில் இவ்வளவு சத்தமானது அரிது. டிரம்ஸ் வெளியே வந்தன, அவை விழும் ஒவ்வொரு இடத்திலும் அலையின் தலை வெட்டுப்பட்டது. 2010-ல் போவி மிக்ஸ் ரீமாஸ்டராகத் திரும்பி வந்தது நல்ல விஷயம். நான் கேட்பது 1997 மிக்ஸ், லிமிட்டரும் கிளிப்பிங்கும் இல்லாமல். மிக்ஸ் செய்த ஃபேடர் நிலைகள் அப்படியே இருக்க, இறுதி அழுத்தத்தை மட்டும் நீக்கிக் கொடுத்தால் அந்த ஆல்பத்தின் மூன்றாவது முகம் தெரியும்.

நாடாச்சுருள்

> நான் கேட்பது 1997 மிக்ஸ், லிமிட்டரும் கிளிப்பிங்கும் இல்லாமல்.

அது இக்கி விரும்பிய ஒலி இல்லையே? கலைஞரே சிவப்பு வேண்டும் என்று சொன்ன இடத்தில் நாம் பச்சை கேட்க முடியுமா?

கறுப்புத்தட்டு

கேட்கலாம் என்றே நினைக்கிறேன். 1997 சிடி இருக்கிறது, யாரும் அதை அழிக்கச் சொல்லவில்லை. கூடுதலாகக் கேட்கிறேன். "கலிஃபோர்னிகேஷன்" (1999) விஷயத்தில் நடந்தது பாருங்கள். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் சிடியின் சிதைவுக்கு எதிராக ரசிகர்கள் இணையத்தில் மனுப் போட்டார்கள். சிடி மாறவில்லை. ஆனால் 2012 எல்பிக்காக கிறிஸ் பெல்மன் புதிதாக மாஸ்டர் செய்து வெட்டியபோது அந்தக் கரகரப்பு பெரிதும் போய்விட்டது. கேட்பவருக்குத் தேர்வு கிடைத்தது. மெட்டாலிகாவின் "டெத் மேக்னெட்டிக்" (2008) சிடியும் கிட்டார் ஹீரோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகளும் அருகருகே கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்றார்.

டெசிபெல் தம்பி

ரெண்டு பதிப்பை நியாயமா ஒப்பிட ஒரு முறை எழுதுங்களேன். டிஆர் எண் பார்த்து வாங்கினா போதாதா?

நாடாச்சுருள்

டிஆர் எண்ணை (மெல்லிய, உரத்த ஒலிகளுக்கு இடையிலான இடைவெளியைக் காட்டும் எண்) மட்டும் வைத்து வாங்காதீர்கள், முக்கியமாக எல்பிக்கு. ஒரே டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வந்த சிடிக்கு 6 என்றும் எல்பிக்கு 10 என்றும் காட்டக்கூடும். வெட்டும்போதும் ஊசி வாசிக்கும்போதும் அலைகள் ஒன்றுக்கொன்று நேரத்தில் சற்று நகர்ந்து, வெட்டுப்பட்ட தலைகள் சாய்ந்து, உச்சங்கள் உயர்கின்றன. எண் ஏறுகிறது, போன விவரம் திரும்புவதில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிடியில் தட்டையாகத் தெரியும் தலைகள் எல்பியில் சாய்ந்த மேடையாகத் தெரிந்தால் இரண்டும் ஒரே நசுங்கிய மாஸ்டர்.

ஒப்பிடும் முறை, ஆடாசிட்டியில்:

ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளையும் தனித்தனித் தடமாக ஏற்றுங்கள். ஒன்று 44.1, ஒன்று 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். முதல் டிரம் அடியைப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்துங்கள்.

பிறகுதான் முக்கியமான படி. சத்த அளவைச் சமன்செய்யும் விளைவில் இரண்டையும் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அலகு) ஆக்குங்கள். ஒரு டெசிபெல் வேறுபாடு இருந்தாலும் சத்தமானதுதான் "தெளிவானது" என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். மோசமான ரீமாஸ்டர்கள் கடையில் வென்றதற்குக் காரணமே இதுதான். சமன்செய்த பின் சோலோ பொத்தானை மாற்றி மாற்றிக் கேளுங்கள். முழுப் பாட்டு வேண்டாம். ஸ்னேர் அடியின் முனை, குரல் உயரும் இடம், ஃபேட் அவுட் இந்த மூன்றும் போதும். ஃபேட் அவுட்டில் இரைச்சல் திடீரென்று அறுந்தால் இரைச்சல் நீக்கி போட்டிருக்கிறார்கள்.

கிளிப்பிங் தேடும் கருவியில் ஒரு பொறி இருக்கிறது. அது முழு அளவைத் தொட்ட சாம்பிள்களை மட்டுமே எண்ணும். பல சிடிகளில் வெட்டிய பிறகு மைனஸ் 0.3 டெசிபெலுக்கு இறக்கியிருப்பார்கள். கருவி "ஒன்றுமில்லை" என்று சொல்லும். முதலில் ஆம்ப்ளிஃபை மூலம் உச்சத்தைச் சரியாக 0-க்கு ஏற்றிவிட்டுத் தேடுங்கள்.

இரண்டு டிஜிட்டல் வெளியீடுகள் ஒரே மாஸ்டர்தானா என்று பார்க்க, ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து இயக்குங்கள். மௌனம் வந்தால் ஒன்றே. டேப்பிலிருந்து தனித்தனியாக மாற்றிய இரண்டுக்கு இந்தச் சோதனை பலிக்காது. டேப்பின் வேகம் நொடிக்கு நொடி நூலிழை அளவு மாறும்.

யாழ் அலைவரிசை

பழைய ஜப்பான் சிடிகளை வாங்கிற ஆக்களுக்கு ஒரு விஷயம். எண்பதுகளின்ர தொடக்கத்தில வந்த சிலதில ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கு. மேல் அலைவரிசைகளைப் பதியும்போது உயர்த்தி, வாசிக்கும்போது அதே அளவு தாழ்த்திற முறை. நேரமாறிலிகள் 50, 15 மைக்ரோவினாடி. 20 கிலோஹெர்ட்ஸில ஏறக்குறைய 9.5 டெசிபெல் உயர்வு. சிடி பிளேயர் தட்டில பதிஞ்சிருக்கிற கொடியைப் (அடையாளக் குறியை) பார்த்துத் தானாகத் தாழ்த்தும். கணினியில ரிப் செய்தால் (கோப்பாக எடுத்தால்) பெரும்பாலான மென்பொருட்கள் தாழ்த்தாது. பிறகு "அந்த முதல் சிடி கூச்சல், ரீமாஸ்டர்தான் நல்லது" எண்டு எழுதுவினம். சிடியில பிழை இல்லை, ரிப்பில பிழை.

கொடி இரண்டு இடத்தில இருக்கலாம்: சிடியின்ர உள்ளடக்க அட்டவணையில அல்லது தடத்தின்ர துணைக்குறியீட்டில. சில தட்டுகளில இரண்டாவதில மட்டும்தான். அட்டவணையை மட்டும் வாசிக்கிற மென்பொருள் "இல்லை" எண்டு சொன்னாலும் நம்பவேண்டாம். சிடிஆர்டிஏஓ எண்ட மென்பொருள் துணைக்குறியீட்டையும் வாசிக்கும். இருக்குது எண்டு உறுதியானால், சாக்ஸ் கருவியின்ர டீஎம்ஃப் விளைவை ஒருக்கால் போட்டு 24 பிட்டில சேமியுங்கோ. இரண்டு முறை போட்டால் ஒலி போர்வைக்குள்ள போய்விடும்.

மூன்றாம் தந்தி

இப்போது எனக்கு மிகவும் கோபம் வரும் வகை: வாசித்தவர்களையே மாற்றியவை.

ஓஸி ஆஸ்போர்னின் "பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்", "டைரி ஆஃப் எ மேட்மேன்" 2002 வெளியீடுகளில் பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் நீக்கிவிட்டு ராபர்ட் ட்ருஹியோ, மைக் போர்டின் இருவரையும் வாசிக்கவைத்துப் பதிந்தார்கள். பின்னணியில் ராயல்ட்டி வழக்கு. புதியவர்கள் திறமையானவர்கள்தான், ஆனால் கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் அறையில் கேட்டு வாசித்தது டெய்ஸ்லியின் பேஸை. அந்த உரையாடல் அறுந்துவிட்டது. 2011-ல் மூலம் திரும்பியது. பழைய கடையில் வாங்கும்போது 2002 என்று பின்னட்டையில் இருந்தால் வைத்துவிடுங்கள்.

ஃப்ராங்க் ஸாப்பா எண்பதுகளில் "வீ'ர் ஒன்லி இன் இட் ஃபார் தி மணி"க்குப் புதிய பேஸும் டிரம்ஸும் சேர்த்தார். 1995 ரைக்கோடிஸ்க் சிடியில் மூல மிக்ஸ் மீண்டது. "குரூஸிங் வித் ரூபன்" மூல மிக்ஸுக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸீஸீ டாப்தான் மிக நீண்ட காத்திருப்பு. 1987 "சிக்ஸ் பேக்" தொகுப்புக்காக எழுபதுகளின் ஆல்பங்களை ரீமிக்ஸ் செய்து, டிரம்ஸுக்கு "எலிமினேட்டர்" காலத்து டிஜிட்டல் எக்கோவைப் பூசினார்கள். அதன்பிறகு சிடி வாங்கியவர் எல்லாருக்கும் அதுவே கிடைத்தது. "ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்", "ஃபேண்டாங்கோ" 2006-ல் மீண்டன. முதல் ஆல்பம், "ரியோ கிராண்டே மட்", "டேஹாஸ்" மூன்றும் 2013 முழுத் தொகுப்பில்தான் மூல மிக்ஸில் சிடியாக வந்தன. நல்லவேளை, வந்தன. ஆனால் அந்த மூன்றும் தனித்தனியாக, கவனமான மாஸ்டரிங்கோடு, டேப் விவரங்களோடு வர வேண்டியவை.

கறுப்புத்தட்டு

எல்லாமே மறுவெளியீட்டாளர் குற்றம் என்று ஆகிவிடக் கூடாது. டேப்பின் நிலையும் இருக்கிறது. எழுபதுகளின் நடுவிலிருந்து பரவிய ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற டேப்களில் காந்தத் துகளை ஒட்டிவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. அப்படியே ஓட்டினால் டேப் கருவியின் வாசிக்கும் தலையில் ஒட்டி, கிறீச்சிட்டு, துகளோடு உரிந்து வரும். அதாவது இசையே உரிந்து வரும். முதலில் சுட வேண்டும்: 54 டிகிரி செல்சியஸ் அளவில், கால் அங்குல டேப்புக்கு 8 மணி நேரமாவது, இரண்டு அங்குலத்துக்கு அதைவிட அதிகம், நடுவில் திருப்பிவைத்து, பிறகு அதே அளவு நேரம் தானாக ஆறவிட்டு. வெப்பம் ஏறி இறங்கும் சமையல் அடுப்பு கூடாது. ஐம்பதுகளின் அசிட்டேட் டேப்பைச் சுடவே கூடாது, பாழாகிவிடும். சுட்டதன் பலன் சில வாரங்கள் நிற்கும். அந்த இடைவெளியில் ஒரே மூச்சில் மாற்றி முடிக்க வேண்டும்.

அப்போது செய்யும் தவறுகள்தான் பத்தாண்டுகளுக்கு நிற்கின்றன. டேப்பின் தொடக்கத்தில் உள்ள சோதனை ஒலிகளை வைத்துத் தலையின் சாய்கோணத்தைச் சரிசெய்யாவிட்டால் மேல் அலைவரிசை மங்கும். பிறகு யாரோ ஈக்யூவில் அதை உயர்த்துவார், இரைச்சலும் கூடவே எழும். டால்பி ஏ (இரைச்சல் குறைப்பு முறை) போட்ட டேப் என்றால் டால்பி சோதனை ஒலியை வைத்து அளவைப் பொருத்தியே விரிக்க வேண்டும். 2 டெசிபெல் தவறினாலும் சிம்பல்கள் மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும். விரிக்காமலே மாற்றிவிட்டால் ஒலி முழுக்கக் கூர்மையாகி, மெல்லிய இடங்களில் இரைச்சல் பொங்கும். இதை அழகான "பளபளப்பு" என்று பாராட்டியவர்களும் உண்டு.

ஃப்ளீட்வுட் மேக்கின் "ரூமர்ஸ்" (1977) ஒரு பாடம். ஓவர்டப் (முன்பே பதிந்ததோடு சேர்த்துப் பதிவது) செய்யச் செய்ய மல்ட்டிடிராக் தேய்ந்து சிம்பல் மங்கியது. முதலிலேயே எடுத்துவைத்த நகலில் இருந்த அடிப்படைத் தடங்களோடு காதால் கேட்டே ஒத்திசைத்துக் காப்பாற்றினார்கள். அத்தனைக்குப் பிறகும் 2011-ல் மூல மிக்ஸ் டேப்பிலிருந்து ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேவும் வெட்டிய 45 சுழற்சி எல்பி எப்படி ஒலிக்கிறது பாருங்கள். கவனம் இருந்தால் சேதமடைந்த டேப்பிலும் இவ்வளவு கிடைக்கும்.

ஊசிமுனை

அதனால்தான் அட்டையில் விவரம் கேட்கிறேன். எந்த டேப், மூலமா நகலா, எந்த ஆண்டு மாற்றியது, இடையில் டிஜிட்டல் உண்டா, லிமிட்டர் உண்டா, யார் வெட்டியது. ஐந்து வரி போதும். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பல எல்பிகளில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றும் படி இருந்தது 2022-ல் வெளியானபோது கொதித்தவர்கள், அதே தட்டுகளின் ஒலியைப் பல ஆண்டுகள் புகழ்ந்தவர்கள்தான். ஒலி கெடவில்லை. சொல்லாமல் விட்டதுதான் வழக்கு வரைக்கும் போனது.

போவியின் "ஹீரோஸ்" 2017 பெட்டியும் அப்படித்தான். தலைப்புப் பாடலின் நடுவில் சத்தம் சட்டென்று இறங்குகிறது. முதலில் டேப் சேதம் என்று விளக்கம் வந்தது. ரசிகர்கள் விடாமல் எழுதியதால் திருத்திய தட்டுகளை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியைப் பழையதாக வாங்குகிறவர்கள் மாற்றுத் தட்டு சேர்ந்திருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

டெசிபெல் தம்பி

மூன்றாம் தந்தி அண்ணா, ஸ்ட்ரீமிங்கில இருக்கிற ஸீஸீ டாப் எந்த மிக்ஸ்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆண்டு 1972-ன்னுதான் போட்டிருக்கு.

மூன்றாம் தந்தி

ஸ்ட்ரீமிங்கில் போடும் ஆண்டு பெரும்பாலும் ஆல்பம் முதலில் வந்த ஆண்டு, மாஸ்டரின் ஆண்டு இல்லை. கோப்பை அறிவிப்பில்லாமல் மாற்றவும் செய்வார்கள். காதால்தான் பார்க்க வேண்டும்.

"ரியோ கிராண்டே மட்"டில் "ஜஸ்ட் காட் பெய்ட்" போடுங்கள். ஹெட்ஃபோனில், ஸ்னேர் டிரம்மை மட்டும் கவனியுங்கள். மூல மிக்ஸில் அடி விழுந்ததும் சின்ன அறையில் அடங்குவது போல உடனே காய்ந்துவிடும். 1987 ரீமிக்ஸில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு பெரிய கூடத்தின் எக்கோ எழுந்து, கத்தரித்தது போல் அறுந்து நிற்கும். பேஸ் டிரம்மிலும் டஸ்டி ஹில்லின் பேஸோடு ஒட்டாத ஒரு "டிக்" முனை கேட்கும். முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும். எக்கோ இருந்தால் 2013 தொகுப்பின் சிடியையோ எழுபதுகளின் எல்பியையோ தேடுங்கள்.